அஞ்சல் செய்யும் குரல்

மார்கழி மாதத்து வைகறை. கோயிலிற் திருவெம்பாவைப் பூசை முடிந்து அடியார்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த வேளை. எம் வீட்டு முன்விறாந்தையிற் பழைய வானொலிப் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. என்னிடம் இலக்கணம் கேட்க வரும் மாணவர் ஒருவர் தம் கைத்தொலைபேசியை எடுத்து, அதே கொழும்பு நிலையத்தை இணையத்தின் வழியே திறந்து அதன் அருகே வைத்தார். பெட்டியில் நேரமறிவிக்கும் ஒலி கேட்டது. அது ஓய்ந்து, செய்தி வாசிப்பவர் வணக்கங் கூறிச் செய்தியையுந் தொடங்கிய பின்னரே, தொலைபேசியில் அதே நேர ஒலி மறுபடியுங் கேட்டது. ஒரு நாளில் ஒரு விடியலுக்கு இரண்டு ஆறு மணி!

மாணவர் நகைத்தார், யானும் நகைத்தேன். நகை அடங்கிய பின் அவர் ஒரு வினாவை எழுப்பினார். "ஐயா, திருச்சியும் சென்னையும் இலண்டனும் இச்சிறு கருவியில் வந்துவிட்டனவே, இனி யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு வானொலி நிலையம் எதற்கு?"

"தம்பி, நீர் கேட்பது எளிய வினா அன்று, நாளை வாரும், சொல்லுகிறேன்" என்று அவரை அனுப்பிவிட்டேன். அன்று முழுவதும் அவ்வினா என்னை விட்டு நீங்கவில்லை. யான் எண்ணியவற்றை ஆசிரியர்களும் மாணவர்களும் பயிலும் இப்பகுதியிற் கூறுதல் தகுமெனக் கருதி எழுதுகின்றேன்.

முதலிற் சொல்லிலிருந்து தொடங்குவோம். ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் வாங்கி, அதே நேரத்தில் தன் அலைவரிசையில் விடுத்தலைத் தமிழ் வானொலியார் 'அஞ்சல் செய்தல்' என்றனர். எத்துணை நல்ல சொல்! ஓட்டக்காரன் ஒருவன் கடிதப் பையைச் சுமந்து ஓடி அடுத்தவன் கையிற் கொடுக்க, அவன் அதனைச் சுமந்து மேலும் ஓடுவது பழைய அஞ்சல் முறை. திருவிதாங்கூர் அரசின் கடிதப் போக்குவரத்துத் துறைக்கும் அஞ்சல் என்பதே பெயர். 1951இல் அத்துறை இந்தியத் தபாற்றுறையோடு இணைந்தது. எம் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளிற் கோலைக் கைமாற்றி ஓடும் ஓட்டத்தை நாம் இன்றும் அஞ்சலோட்டம் என்றே வழங்குகின்றோம். இம்மூன்றிலும் பொதுவாயமைந்த அறம் ஒன்று உண்டு. வாங்கியதை வாங்கியவாறே, உரிய காலத்தில், உரியவரிடம் சேர்த்தலே அது. இவ்வறத்தை அளவுகோலாகக் கொண்டு வானொலியின் கதையைச் சற்றே அளந்து பார்ப்போம்.

அயலூர் நிலையத்தைக் கேட்பது யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. 1938இற் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் எழுந்தன. திருச்சியின் குரல் கடலைக் கடந்து வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் தானாகவே வந்து சேர்ந்தது. இதற்குப் பௌதிகமும் துணை நின்றது. மத்திய அலை நிலத்தைத் தழுவிச் செல்வது. உலர்ந்த மண் அதன் வலியை விரைவில் உறிஞ்சிவிடும். உவர்நீரோ மின்னை நன்கு கடத்துவதாதலின், கடலின்மேல் அவ்வலை நெடுந்தூரம் தளராது செல்லும். இரவிலே வானத்து அயனமண்டலமும் அதனைத் திருப்பி அனுப்பும். நம்மைப் பிரிப்பதாக நாம் எண்ணும் பாக்குநீரிணையே ஒலிக்குப் பாலமாயிற்று என்க.

அலை ஒரு திசையில் மட்டுமா சென்றது? கொழும்பில் 1925 திசெம்பர் 16இல் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே நேச நாட்டுப் படைவீரர்களுக்கென எக்கலையில் அமைக்கப்பெற்ற வலிமைமிக்க சிற்றலைக் கருவி, போர் ஓய்ந்தபின் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. போர்வீரனை நோக்கிப் பேசப் பிறந்த கருவி பாட்டுப் பாடத் தொடங்கிற்று. 1950இல் வர்த்தக சேவை தோன்றியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல் மக்களின் சுவையைக் கெடுக்குமென எண்ணி, அந்நாட்டு வானொலியில் அதற்கிருந்த இடத்தைச் சுருக்கினார். கதவு ஒன்று அடைபட, மக்கள் பலகணியைத் திறந்தனர். அப்பலகணியே இலங்கை வானொலி. இமயத்தின் அடிவாரம் வரை மக்கள் கொழும்பைக் கேட்டனர். அமீன் சயானி 1952 முதல் நடத்திய 'பினாக்கா கீத்மாலா' மும்பையிற் பதிவாகி, வானூர்தியிற் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து சிற்றலையில் மீண்டும் இந்தியாவுக்கே சென்றது. குரல் தன் வீட்டிலிருந்து புறப்பட்டு, அயல்வீடு சென்று, தன் வீட்டுக்கே திரும்பிய விந்தை இது! 1957 ஒக்ரோபரில் இந்திய வானொலி 'விவித பாரதி' என்னும் மெல்லிசைச் சேவையைத் தொடங்கியமைக்கு இப்போட்டியும் ஒரு காரணமாயிற்று.

தமிழ்ச் சேவையின் புகழும் இதற்குக் குறைந்ததன்று. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் முதலியோரின் பெயர்கள் தமிழகத்தின் சிற்றூர்த் தேநீர்க் கடைகளிலும் வழங்கின. அயல்நாட்டு நிலையமொன்று அம்மக்களின் வீட்டு நிலையமானது எங்ஙனம்? பாட்டு மட்டுமா காரணம்? அன்று. நேயர் எழுதிய அஞ்சலட்டையை அறிவிப்பாளர் கையிலெடுத்து, எழுதியவர் பெயரையும் அவர் ஊரின் பெயரையும் தெளிவாக வாசித்தார். தேசப்படத்திற் காண்டற்கரிய சிற்றூரின் பெயர் கொழும்பிலே ஒலித்துக் கடல் கடந்து அவ்வூருக்கே மீண்டது. நிலையம் அயலூரதாயினும், அது கேட்பவரைத் தன்னவராகவே விளித்தது. இதனை ஈண்டு மனத்தில் இருத்திக்கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

இனி மேலைநாட்டை ஒருமுறை நோக்குவோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் வானொலி நிலையங்கள் ஒவ்வொன்றும் ஒரு வார்ப்பை மேற்கொள்வன. அதனை அவர்கள் 'போர்மற்' என்பர். நாட்டுப்புற இசைக்கு ஒரு நிலையம், செய்திக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, றொக் இசைக்கு ஒன்று என வகுத்துக்கொள்வர். றொக் இசைக்குள்ளும் பழைய பாடல்களுக்கு ஒரு வார்ப்பு, புதியோர் பாடல்களுக்கு வேறொரு வார்ப்பு எனக் கிளைகள் பல. எப்பாட்டு, எந்நேரம், எத்தனை முறை என்பதெல்லாம் முன்னரே வரையறுக்கப்படும்.

தமிழ் பயில்வோர்க்கு இது வியப்பன்று. நம் முன்னோர் குறிஞ்சிக்கு யாமமும், முல்லைக்கு மாலையும், மருதத்துக்கு வைகறையும், நெய்தலுக்கு எற்பாடும், பாலைக்கு நண்பகலும் வகுத்து, ஒவ்வொன்றற்கும் உரிய யாழையும் பறையையும் கருப்பொருளுள் வைத்தனர். வேளைக்கேற்ற இசை, இசைக்கேற்ற உள்ளம் என்பது நாம் அறிந்த முறையே. ஆயினும் ஒரு பெருவேறுபாடு உண்டு. திணைக்கு முதற்பொருள் நிலமும் பொழுதுமாம். அவ்விரண்டும் முதலில் நிற்க, யாழ் அவற்றின் வழியே பிறக்கும். வானொலி வார்ப்போ பொழுதை வைத்துக்கொண்டு நிலத்தைக் கைவிட்டது. ஒரு நகரில் வெற்றி கண்ட பாட்டுப் பட்டியலை மற்றொரு நகரிலும் அப்படியே நாட்டலாம். அங்கே மலை உண்டா, கடல் உண்டா என்று அது கேளாது.

அடுத்து வந்தது இலக்கமுறை, அதாவது டிஜிற்றல் ஒலிபரப்பு. 2002இல் அமெரிக்க ஆணையம் ஒரு முறையை ஏற்றுக்கொண்டது. பழைய பண்பலையின் இரு மருங்கிலும் இலக்கமுறை அலைகளைச் சேர்த்து விடுத்தல் அம்முறை. அதனால் ஒரே நிலையம் தன் முதல் நிகழ்ச்சியோடு இரண்டாம், மூன்றாம் கிளைகளையும் தாங்க இயன்றது. கணினி இலக்கமுறை ஒலியைப் பொதிந்து அவிழ்க்கச் சில விநாடிகள் வேண்டுமாதலின், இரண்டும் ஒத்திசையும் பொருட்டுப் பழைய ஒலியையும் அவ்வளவு நேரம் தாமதித்தே விடுவர். எம் விறாந்தையில் இரண்டு ஆறு மணி அடித்தமைக்கும் இத்தகைய தாமதமே காரணம்.

இக்கிளைகளை எதனால் நிரப்புவது? புதிய நிகழ்ச்சி ஆக்கப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். எனவே ஒரே நிறுவனத்துக்குப் பல நகர்களில் நிலையங்கள் இருப்பின், ஒரு நகரின் றொக் நிலையத்தை மற்றொரு நகரின் இரண்டாங் கிளையில் அப்படியே அஞ்சல் செய்தல் எளிய வழியாயிற்று. இதில் நன்மை இல்லாமலில்லை. வாசிங்டன், பால்ற்றிமோர் பகுதியிற் பெரும்புகழ் பெற்றிருந்த டபிள்யூ.எச்.எவ்.எஸ். என்னும் றொக் நிலையம், 2005 சனவரியில் ஒருநாள் திடீரென ஸ்பானிய மொழி இசை நிலையமாக மாறிற்று. அதனோடு வளர்ந்த இளைஞர் கூட்டம் திகைத்து நின்றது. சில ஆண்டுகளின் பின் அப்பெயர் பால்ற்றிமோரில் வேறொரு நிலையத்தின் இலக்கமுறைக் கிளையில் மீண்டும் எழுந்தது. முன்றிலை இழந்தவனுக்குத் திண்ணை கிடைத்தது போன்றது இது. நகரைவிட்டுப் பெயர்ந்தவர்க்குத் தம் பழைய ஊரின் நிலையம் புதிய ஊரிலுங் கேட்பது ஆறுதலன்றோ?

ஆனால் இழப்பையும் எண்ண வேண்டும். நியூயோர்க்கில் வைகறை ஆறு மணியாகும்போது லொஸ் ஏஞ்சலிசில் நள்ளிரவு கழிந்து மூன்று மணி. ஒன்றன் பள்ளியெழுச்சி மற்றொன்றில் யாமக் குரலாகும். அங்குள்ள தெருவின் நெரிசலை இங்குள்ளவன் கேட்டு ஆவதென்ன? வார்ப்பு நிலத்தைக் கைவிட்டது. ஊர்விட்டு ஊர் செல்லும் அஞ்சல் பொழுதையுங் கைவிட்டது. முதற்பொருள் இரண்டும் போய்க் கருப்பொருளாகிய யாழ் மட்டும் தனித்து ஒலிக்கின்றது.

இது எங்கோ நிகழ்வது என்று நாம் இருந்துவிடலாகாது. நம் நாட்டிலும் 1998 முதல் தனியார் தமிழ்ப் பண்பலைச் சேவைகள் கொழும்பிலிருந்து எழுந்தன. பண்பலை நேர்கோட்டிற் செல்வது. அடிவானத்துக்கு அப்பால் நெடுந்தூரம் செல்லாது. ஆகவே உயர்ந்த கோபுரங்களில் வைத்து அதனை மறுபடியும் விடுத்தல் வேண்டும். வன்னியிலுள்ள கொக்காவிலில் நின்ற கோபுரம் 1990இற் போரில் அழிந்தது. அங்கே 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011 யூனில் திறக்கப்பட்டது. கோபுரம் எம் மண்ணில் நிற்கின்றது. அதனூடே வருங் குரலிற் பெரும்பகுதியோ கொழும்பிலே பிறப்பது. அக்குரலை யான் பழிக்கவில்லை. தலைநகரின் செய்தி எமக்கு வேண்டும், பாட்டும் வேண்டும். ஆயினும் ஊர்க்குரல் ஒன்று அதனிடையே ஒலிக்க இடம் உண்டா என்பதே வினா.

அஞ்சலுக்கு மற்றோர் இடரும் உண்டு. அதனை எம் தலைமுறையினர் மறத்தல் இயலாது. 1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். அக்காலத்தில் இளைஞராயிருந்த யாம் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கையாற் பெடலைச் சுற்றி, அதன் டைனமோவிற் பிறந்த மின்னில் வானொலியை இயக்கினோம். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் செவி சாய்த்திருப்பர். சுற்றுபவர் கை தளர்ந்தால் இலண்டனின் குரலும் தளரும். "சுற்றடா, சுற்றடா" என்று பத்துப் பேரும் ஒருங்கே கூவுவர். பி.பி.சி. தமிழோசை சிற்றலையில் நேரே வந்தது. இடையிலே ஒருவர் கையும் படவில்லை. இரைச்சல் இருந்தது, அலை ஏறி இறங்கிற்று, எனினும் வந்தது முழுமையாக வந்தது.

பின்னர் அதே நிறுவனத்தின் நிகழ்ச்சிகள் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பண்பலையில் அஞ்சல் செய்யப்பட்டன. ஒலி தெளிந்தது, இரைச்சல் மறைந்தது. ஆனால் 2009 பெப்ரவரியில், தன் நிகழ்ச்சிகள் இடையிற் தடைப்படுத்தப்படுகின்றன என்று கூறி, பி.பி.சி. அவ்வஞ்சலை நிறுத்திக்கொண்டது. பின் அஞ்சல் மீண்டும் தொடங்கி, 2013 மார்ச்சில் தமிழ் நிகழ்ச்சிக்கு இடையூறு நேர்ந்ததென்று மறுபடியும் நிறுத்தப்பட்டது. இரைச்சலோடு வந்த குரல் முழுமையாக வந்தது. தெளிவோடு வந்த குரல் அறுபட்டு வந்தது. அஞ்சல் செய்பவன் கையிற் கத்தரிக்கோலும் இருக்கின்றது என்பதை நாம் அன்று கற்றோம். திருவள்ளுவர் தூதுக்கென ஓரதிகாரம் வகுத்தமை வீணன்று. சொல்லைச் சுமப்பவன் சொல்லுக்கு உடையவன் அல்லன். அவன் அதற்குக் காவலன்.

தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்பிரல் 30ஆம் நாளோடு ஓய்ந்தது. இன்று இணையமே பெருவழி. இந்திய அரசு வானொலியின் 'நியூஸ் ஒன் எயர்' என்னும் செயலியில் இருநூறுக்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. முன்பு யாழ்ப்பாணத்துக் கரையோரத்தார் வான்கம்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்த காரைக்கால் பண்பலை, இப்போது விரல்நுனியிற் கிடைக்கின்றது. ஆனால் இதுவும் இடைக்கை அற்றதன்று. கோபுரத்துக்குப் பதிலாகக் கணினிச் சேவையகம்; அலைக்குப் பதிலாகத் தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பு; அதற்கு மாதக் கட்டணம். புயல் வந்து மின்சாரமும் இணைப்பும் அற்றால், செயலியில் உள்ள இருநூறும் ஒருங்கே ஊமையாகும். அவ்வேளையில் இரண்டு சிறு பற்றறியில் இயங்கும் எளிய வானொலிப் பெட்டியே பேசும். அதுவும், பேசுவதற்கு அருகில் ஒரு நிலையம் இருந்தால்.

மறுநாள் மாணவர் வந்தார். யான் கூறிய விடை இதுவே.

"தம்பி, திருச்சி நிலையத்தைக் கேளும், நானுங் கேட்டு வளர்ந்தவன். சென்னையைக் கேளும், இலண்டனைக் கேளும், அமெரிக்க றொக் இசையையும் வேண்டுமானாற் கேளும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றுச் சீறும்போது, நாகபட்டினத்தில் எந்த எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதென்று திருச்சி சொல்லும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு இன்று படகு ஓடுமா என்று அது சொல்லாது. வெங்காயம் விளைந்த தோட்டத்தில் வெள்ளம் நிற்பதை அது அறியாது. இலங்கை வானொலி மரண அறிவித்தல் வாசித்த காலத்தில், எங்கள் வீடுகளில் எவ்வளவு அமைதி நிலவும் தெரியுமா? இறந்தவர் எவ்வூரார், எவர்க்கு உறவினர் என்று கேட்பதற்காக அடுப்படியில் நின்றவர்களும் ஓடிவந்து நிற்பார்கள். அது பாட்டன்று, ஆனால் அந்த அறிவித்தலின்போது ஊரே ஒரு வீடாகும். இந்த வேலையை அயலூர் நிலையம் எதுவும் எமக்காகச் செய்யாது."

அவர் சிறிது நேரம் எண்ணினார். பின் மெல்லச் சொன்னார்: "ஐயா, அப்படியானால் இலங்கை வானொலியைத் தமிழகத்தார் தம் வீட்டு நிலையமாகக் கொண்டதெப்படி? அதுவும் அயலூர் நிலையந்தானே?"

நல்ல வினா! ஆசிரியனை மடக்கும் மாணவனைப் பெற்றவன் பேறுடையவன். அதற்கு விடை முன்னரே கூறியுள்ளேன். அந்நிலையம் தமிழகத்தாரின் கடிதங்களை வாசித்தது. அவர்தம் ஊர்ப் பெயர்களை ஒலித்தது. நிலம் அதற்கு இல்லை. ஆயினும் நேயரின் கடிதம் வழியே நிலத்தை அது வரவழைத்துக்கொண்டது. ஆகவே தூரம் குற்றமன்று. கேட்பவன் யார் என்று அறியாதிருத்தலே குற்றம். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே நம்மை அறியாத நிலையமும் உண்டு. கடலுக்கப்பால் இருந்துகொண்டே நம் பெயர் சொல்லி அழைத்த நிலையமும் இருந்தது.

எனவே அயலூர்க் குரலை அஞ்சல் செய்வோர் மூன்று கடன்களை மேற்கொள்ளல் வேண்டும் என்பது என் துணிபு. இது எவர் குரல், எங்கிருந்து வருகின்றது என்று வெளிப்படக் கூறுதல் ஒன்று. வாங்கியதை வெட்டாமலும் திரிக்காமலும் சேர்த்தல் இரண்டு. ஒரு நாளிற் சில நாழிகையேனும் அஞ்சலை நிறுத்தி, அவ்வூரார் தம் வாயாற் பேச இடம் விடுதல் மூன்று. இலக்கமுறைக் கிளைகள் பெருகப் பெருக மூன்றாவது எளிதாதல் வேண்டும். இடம் இல்லை என்று இனி எவருஞ் சொல்லவியலாது. ஒரு கிளையில் உலகம் வரட்டும்; மற்றொரு கிளையில் ஊர் பேசட்டும்.

'அஞ்சல்' என்னுஞ் சொல்லுக்கு இன்னும் ஒரு பொருள் உண்டு. தொழிற்பெயராகக் கொண்டால் அது அச்சத்தைக் குறிக்கும். எதிர்மறை வியங்கோளாகக் கொண்டால் 'அஞ்சாதே' என்று பொருள்படும். ஒரே சொல்லே அச்சமாகவும் அபயமாகவும் நிற்கின்றது. இருளிலே பெடலைச் சுற்றிக்கொண்டு குரலுக்காகக் காத்திருந்த எமக்கு அவ்விரண்டுந் தெரியும்.

மாணவர் விடைபெறுமுன், தம் ஊர்ப் பெரியோரின் பேச்சைத் தொலைபேசியிற் பதிவுசெய்யத் தொடங்கப்போவதாகக் கூறினார். முதலிற் பதிவுசெய்யப்போவது யாரை என்று கேட்டேன். நெடுந்தீவுப் படகில் நாற்பதாண்டு உழைத்த தம் பாட்டனாரை என்றார்.

நேர ஒலி இரண்டு முறை கேட்டாலும் குற்றமில்லை. எம் ஊர்க்குரல் ஒருமுறையேனுங் கேட்கட்டும்.